பாவ்ஷான் வீட்டுச் சுவரில் எழுதிய எழுத்து

ஹாவ் பாவ்ஷான் தன் மனைவியை ஊரறிய விவாகரத்து செய்தது முழுக்க முழுக்கக் குடும்ப நலனுக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடாமல் அவன் வாழ்க்கையைப் பேச ஆரம்பித்தால், நல்ல மனிதன் ஒருவனுக்கு அநியாயம் செய்த பாவம் வந்து சேரும்.

அவன் பிறந்த ஊர் ஹாவ்ஜியாபோ. சியான் நகரம் தெற்குப் பக்கமாக வீங்கி வந்தபோது முதலில் எங்கள் கோதுமை வயல்களை விழுங்கியது, பிறகு சோள வயல்களை, பிறகு சுடுகாட்டை. ஊர் மட்டும் தொண்டையில் சிக்கிய எலும்பு மாதிரி நடுவில் நின்றுவிட்டது. சுற்றிலும் முப்பது மாடிக் கட்டடங்கள், நடுவில் நாங்கள். ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஹாவ். மீதிப் பேர் ஹாவ் வீட்டுக்கு வாக்கப்பட்டவர்கள்.

பாவ்ஷானுக்குத் தொழில், பிரிப்பது. பழைய ஃப்ரிட்ஜ், செத்துப்போன டிவி, சுற்றாத வாஷிங் மெஷின் எதுவானாலும் அவன் முற்றத்துக்கு வரும். செம்பு ஒரு குவியல், இரும்பு ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியலாக வெளியே போகும். இதற்கு எங்கள் மொழியில் ஒரே ஓர் எழுத்துத்தான்: ச்சாய். எழுதினால் 拆. இடது பக்கம் நிற்பது கை. வலது பக்கம் இருப்பது ஒரு கோடாரி, அதன் மேல் சின்னதாக ஒரு கீற்று. அந்த வலது பாதி வெறும் ஓசைக்காக வைத்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஓசைக்காக யாராவது வீட்டுக்குள் கோடாரியை வைப்பார்களா? அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கடிதத்தைப் பிரிப்பதும் ச்சாய்தான், பார்சலைப் பிரிப்பதும் ச்சாய்தான். சின்னதாகிப்போன ஸ்வெட்டரை நூல் நூலாக உருவி அடுத்த பிள்ளைக்குப் பின்னுவோமே, அந்த உருவுவதும் அதுவே. பாவ்ஷானின் பிள்ளைப் பருவம் முழுவதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, உருவிய நூலைச் சுற்றக் கொடுப்பதிலேயே போனது. அண்ணன் ஸ்வெட்டரை உருவித்தான் அவன் ஸ்வெட்டர். அவன் ஸ்வெட்டரை உருவித்தான் தம்பி ஸ்வெட்டர். வீட்டில் எதையும் புதிதாக வாங்கிப் பார்த்ததே இல்லை என்பதால், உலகத்தில் எல்லாமே ஏதோ ஒன்றைப் பிரித்துத்தான் கிடைக்கிறது என்று அவன் முடிவுக்கு வந்தான். இது தப்பு என்று யாரும் அவனிடம் சொல்லவுமில்லை.

ஒரு குறை மட்டும் உண்டு. பிரிப்பதில் அவன் மன்னன், மாட்டத் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தக் கட்டம் வரும்போது அடுத்த லோடு வந்துவிடும். அவன் மனைவி தாங் குய்லன் கல்யாணத்தில் கொண்டுவந்த தையல் மிஷின், மகள் யுவே பிறந்த வருஷம் 'கொஞ்சம் இறுகுது' என்று அவள் சொன்னதால் பிரிக்கப்பட்டது. யுவே வளர்ந்து, படித்து, ஷென்ஜென்னில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்ட பிறகும் அந்த மிஷின் மூன்று பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது. குய்லன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாத மனைவி கிடைத்தவன் யோகக்காரன் என்று பாவ்ஷான் அடிக்கடி சொல்லிக்கொள்வான். சொல்லிக்கொண்டே நூடுல்ஸோடு பச்சைப் பூண்டைப் பல் பல்லாகக் கடிப்பான்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒருநாள் செய்தி வந்தது. நகராட்சி ஹாவ்ஜியாபோவை இடிக்கப் போகிறது. இடிப்பதற்கும் எங்களிடம் அதே எழுத்துத்தான்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு உச்சுக்கொட்டுவார்கள். நாங்கள் உச்சுக்கொட்டவில்லை. பக்கத்து ஊர் இடிபட்டபோது அங்கே பன்றி மேய்த்தவனெல்லாம் ஆளுக்கொரு கார் வாங்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் ஊரே ஒரே மூச்சாகக் கட்டட வேலையில் இறங்கியது. இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்கு மாடி என்று கேட்கக் கூடாது. இடிக்கப் போவதால்தான் மாடி. பாவ்ஷானும் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பைக் காட்டி இரண்டு மாடி எழுப்பினான். காற்றடித்தால் சுவர் தலையாட்டும். அதன் அடியில் நின்று தும்மக் கூடாது என்று குய்லனுக்குக் கட்டளை.

அப்புறம்தான் முக்கியமான விதி காதில் விழுந்தது. கட்டிய தளத்தின் அளவுக்குப் பணம் உண்டு, ஆனால் புது வீடு என்பது ஒரு குடும்பப் பதிவுப் புத்தகத்துக்கு ஒன்றுதான். பதிவு இரண்டாகிவிட்டால் வீடும் இரண்டு. புருஷன் பெண்டாட்டி பதிவை இரண்டாக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஹாவ்ஜியாபோவில் கல்யாணமானவர்களே இல்லை.

முதலில் பிரிந்தது எதிர்வீட்டு ஹாவ் தியேசூ. வாய்க்குள் எப்போதும் சூரியகாந்தி விதை வைத்திருப்பான், நாடகப் பைத்தியம். எங்கள் பக்கத்து நாடகத்தில் பாடுவது என்றால் நரம்பு புடைக்கக் கத்துவது. அதற்குப் பழகிய காது அவனுக்கு. அவனும் மனைவியும் கைகோத்துக்கொண்டு போய்ப் பிரிந்து வந்து, தெருவில் எல்லாருக்கும் சேதி சொன்னார்கள்.

"லேசு வேலைதான். ஆனா ஒண்ணு. இடிப்பு ஆபீஸ்காரன் தெருவுல வந்து விசாரிக்கிறான். இவங்க நெசமாவே சண்டைக்காரங்களா, இல்ல சும்மாவான்னு. அதனால முன்னாடியே நாலு பேர் பாக்க ஒரு சண்டை போட்டு வெச்சிரணும்."

"என்ன மாதிரி சண்டை?" என்றான் பாவ்ஷான்.

"சட்டி பறக்கணும். நேத்து என் பொண்டாட்டி மூணு தட்டு ஒடச்சா. ஒடஞ்ச தட்டா பாத்து எடுத்து வெச்சிருந்தோம்."

பாவ்ஷான் இதை வேலையாக எடுத்துக்கொண்டான். சாயங்காலம் குய்லனை முற்றத்தில் நிறுத்தி ஒத்திகை பார்த்தான். அவளுக்குத் திட்ட வரவில்லை.

"நீ ரொம்ப மோசம்" என்றாள் அவள், அரிசிக் கஞ்சி தீய்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

"இப்படி முனகினா எவன் நம்புவான்? நான் என்ன அநியாயம் செஞ்சேன்னு எடுத்துச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எதையாச்சும் சொல்லு யுவே அம்மா. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்க. ஒண்ணுகூடவா கிடைக்கல?"

குய்லன் யோசித்தாள். யோசித்துவிட்டு, அகப்பையைக் கழுவி மாட்டினாள், கையைத் துடைத்தாள், கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். பாவ்ஷான் பின்னாலேயே ஓடினான். தியேசூ முக்காலி போட்டு உட்கார்ந்தான். மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். அன்றைக்கு அது எங்கள் தெருவில் மூன்றாவது சண்டை.

"என் தையல் மிஷினப் பிரிச்சான் இந்த ஆளு" என்று ஆரம்பித்தாள் குய்லன். "கழுவி மாட்டித் தர்றேன்னான். யுவே அப்ப தவழ்ந்துக்கிட்டிருந்தா. இப்ப அவளுக்கே கல்யாணம் ஆயிருச்சு. இன்னும் கழுவிக்கிட்டிருக்கான்."

தெரு சிரித்தது. பாவ்ஷானும் சிரித்துவிட்டு, சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து முகத்தை இறுக்கினான்.

"எனக்குக் குடல்வால் ஆபரேஷன் பண்ணாங்க. தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வாங்கன்னேன். இதுக்கு எதுக்கு பஸ்ஸுன்னு சொல்லி ஒயர் வெட்டுற கட்டர எடுத்துக்கிட்டு வந்தான். படுன்னான். படுத்தேன்."

"ஐயோ" என்றாள் யாரோ ஒருத்தி, பாராட்டாக.

"எங்கப்பா சாகக் கிடந்தாரு. பையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். ஃப்ரிட்ஜ் லோடு வருது, கணக்கு எடுக்க ஆள் வேணும், நாளைக்குப் போன்னான். நாளைக்குத்தான் போனேன். பெட்டிய மூடி ஆணி அடிச்சிருந்தாங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தியேசூ விதை கடிப்பதை நிறுத்தியிருந்தான்.

"இந்த ஆளு தெருவுல போறவன வர்றவன ஒருத்தன விடாம 'சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சா'ன்னு கேக்குறான். மாட்டு வண்டிக்காரனக் கேக்குறான். கக்கூஸ் அள்ள வர்றவனக் கேக்குறான். என்னை ஒருநாள் கேட்டதில்ல. ஒருநாள்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். தட்டு எதுவும் உடைக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு பாவ்ஷான் கை தட்டினான். உண்மையாகவே மனம் குளிர்ந்து தட்டினான். அவளிடம் இவ்வளவு திறமை இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. மற்றவர்களும் தட்டினார்கள்.

"அண்ணி பாட்டு முதல் தரம். தொண்டைய ஒசத்தாமலே உச்சிக்குப் போயிட்டாங்க. அண்ணன்தான் எதிர்ப்பாட்டு பாடாம நின்னுட்டான்" என்று தியேசூ தீர்ப்பு சொன்னான்.

அவர்கள் பிரியப் போன அன்று பதிவு அலுவலகத்தில் எங்கள் ஊர்க்காரர்களே வரிசையில் நின்றார்கள். பிரிய வந்த புருஷன்மார் மனைவிமாரின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பிரிய வந்த மனைவிமார் புருஷனுக்குக் குளிர்கிறதா என்று கழுத்துத்துணியைச் சரிசெய்தார்கள். காரணம் என்ன என்று கேட்டதற்கு எல்லாரும் 'மனசு ஒத்துப்போகல' என்று ஒரே குரலில் சொன்னார்கள், முன்னால் போனவர் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தபடி. முத்திரை குத்துகிற பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று மத்தியானம் பாவ்ஷானும் குய்லனும் ஆட்டுச்சூப் கடைக்குப் போனார்கள். கெட்டி ரொட்டியை விரல் நுனியால் பொடிப்பொடியாகக் கிள்ளிக் கிண்ணத்தில் போட்டால்தான் சமையற்காரன் சூப் ஊற்றுவான். அதற்கு அரைமணி நேரம் பிடிக்கும், அதுவரை பேச வேண்டும். பாவ்ஷான் பேசினான்.

"இப்ப நமக்குள்ள ஒரு சம்பந்தமும் இல்ல. ஒங்க கிண்ணத்துக்கு நீங்களே காசு குடுங்கம்மா" என்று சொல்லி அவனே சிரித்தான்.

குய்லன் கிள்ளிக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் தன் கிண்ணத்துக்குத் தானே காசு கொடுத்தாள். இதையும் அவன் நடிப்பில் சேர்த்துக்கொண்டான்.

ஆபீஸ்காரன் வந்து ஒரே படுக்கையைப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு என்பதால், அவள் தனியாக இருந்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், துணி வெளுக்கும் கடைக்கு மேலே ஒரு ரூம் பிடித்தார்கள். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு குழாய். பாவ்ஷான் தன் மூன்று சக்கர வண்டியில் அவள் சாமானை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினான்.

"கொஞ்ச நாள்தான்" என்றான்.

"சரி" என்றாள்.

குளிர் காலத்தில், இடிக்கப் போகிற வீட்டுச் சுவர்களில் அந்த எழுத்தை எழுத, இடிப்பு ஆபீஸ் வெய் வந்தார். தொப்பை உள்ளவர், குனிய முடியாதவர். சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் தூக்க அவரோடு யாரும் வரவில்லை என்பதில் அவருக்கு வருத்தம். பாவ்ஷான் வாசலில் நல்ல சிகரெட்டோடு காத்திருந்தான்.

"கொஞ்சம் பெரிசா எழுதுங்க வெய் ஐயா. தியேசூ வீட்டுல எழுதினதவிடப் பெரிசா."

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்" என்று சொன்ன வெய், சிகரெட்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, கொஞ்சம் பெரிதாகவே எழுதினார். எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பாவ்ஷான் ஆசை தீரப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறியது. கை இருக்கிறது, கோடாரி இருக்கிறது, கோடாரி மேல் இருக்க வேண்டிய கீற்றைக் காணோம். கீற்று இல்லாவிட்டால் அது வேறு எழுத்து. முறி என்று அர்த்தம், மடி என்று அர்த்தம். துணிக்கடைக்காரன் தள்ளுபடிக்குப் போடுகிற பலகையில் இருப்பதும் அதுதான்.

"வெய் ஐயா! என் வீட்டுக்கு மட்டும் தள்ளுபடி போட்டுட்டுப் போறீங்களே" என்று அவன் பின்னால் ஓடினான்.

வெய் முனகிக்கொண்டே திரும்பி வந்து கீற்றைப் போட்டார். அதற்கும் ஒரு சிகரெட் ஆனது. பாவ்ஷான் அந்தச் சுவரோடு நின்று படம் எடுத்து மகளுக்கு அனுப்பினான். கல்யாணத்தன்று எடுத்த படத்தில்கூட அவன் இப்படிச் சிரித்ததில்லை. பிறகு குய்லனுக்குப் போன் போட்டான்.

"எழுதிட்டாங்க."

"சரி."

"வந்து பாக்கலையா?"

"இங்கேயும் சுவரு இருக்கு" என்றாள். அவன் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. தியேசூவுக்குப் படம் காட்டும் அவசரம்.

வசந்த காலத்தில் இயந்திரம் வந்தது. பாவ்ஷான் எத்தனையோ பொருளைப் பிரித்தவன். ஓர் ஆணியைக்கூட வீணாக்காமல், எதை முதலில் கழற்ற வேண்டும் எதைப் பிறகு என்று வரிசை தெரிந்தவன். மஞ்சள் இயந்திரத்துக்கு வரிசை ஒன்றும் இல்லை. இரும்புக் கையை உயர்த்தி, அவன் எழுப்பிய இரண்டு மாடியை ஒரே தட்டில் கீழே தள்ளியது. தூசி அடங்கியபோது வீடு இருந்த இடத்தில் வானம் இருந்தது. அவன் சமையலறை ஓடு, குய்லன் ஊறுகாய் போடும் ஜாடி, கதவு நிலை எல்லாம் ஒரே குவியல்.

"இப்படியா பிரிக்கிறது? செம்பு எது, இரும்பு எதுன்னு பாக்க வேணாமா?" என்று பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான். அந்தக் கேள்வியில் கோபத்தைவிட அவமானம் அதிகம். அன்று சாயங்காலம் வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். எங்கே போவது என்று உடனே ஞாபகம் வரவில்லை.

புது வீடு கட்டி முடிய மூன்று வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை பதிவு இரண்டாகவே இருக்க வேண்டும். இடையில் கல்யாணம் செய்துகொண்டால் பதிவு ஒன்றாகி, வீடும் ஒன்றாகிவிடும். ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று வருஷம் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிரம்மச்சாரிகளாக நகரம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். சிலர் இருட்டின பிறகு தலையில் துணியைப் போட்டுக்கொண்டு தம் சொந்தப் பெண்டாட்டியைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வந்தார்கள். கள்ளக்காதலின் சுகம் கிழட்டு வயதில் கிடைத்தது என்று தியேசூவுக்கு ஒரே பெருமை.

பாவ்ஷானும் முதல் மாதங்களில் போனான். வெளுக்கும் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, மாடிப்படி ஏறி, கதவைத் தட்டாமல் தள்ளுவான். அப்புறம் ஒருநாள் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

"தட்டிட்டு வாங்க. நான் துணி மாத்திக்கிட்டிருப்பேன்" என்றாள் குய்லன், உள்ளே இருந்து.

"மாத்தினா என்ன? நான்தானே."

"ஆமா. நீங்கதான்."

அவள் பழைய தையல் மிஷின் ஒன்று வாங்கியிருந்தாள். திரைச்சீலை அடித்துக் கொடுத்துச் சம்பாதித்தாள். ஜன்னலில் செடி வைத்திருந்தாள். அவள் போட்ட நூடுல்ஸ் நன்றாக இருந்தது, ஆனால் ஏதோ குறைந்தது.

"பூண்டு எங்க?"

"வாங்கல. எனக்குப் பிடிக்காது."

"எப்பயிருந்து?"

"எப்பவுமே."

பாவ்ஷான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அவள், "கிண்ணத்தக் கழுவி வெச்சிட்டுப் போங்க, ஹாவ் பாவ்ஷான்" என்றாள். யுவே அப்பா என்று அவள் கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பள்ளிக்கூட வாத்தியாரும் போலீசும்தான். அவன் கழுவினான். ஒழுங்காகக் கழுவத் தெரியாததால் அவள் மறுபடி ஒருமுறை கழுவினாள்.

மகள் யுவே போன் செய்தபோது, "அம்மா குரல் இப்ப ரொம்ப நல்லா இருக்குப்பா. முந்தியெல்லாம் அம்மா போன்ல மூச்சு மட்டும்தான் விடுவா" என்றாள்.

"பின்ன? ரெண்டு வீடு வரப்போகுதுல்ல" என்றான் பாவ்ஷான்.

அவனுக்கு நெடுஞ்சாலைப் பாலத்தடியில் ஒரு ரூம். பிரிக்க இடம் இல்லாததால் தொழிலும் போய்விட்டது. பகலில் பழைய ஊர் இருந்த இடத்தைச் சுற்றி எழுப்பிய தகரவேலி ஓரம் நடப்பான், எழும்புகிற கட்டடத்தை எண்ணுவான். எழும்பவில்லை என்றால் சங்கடம். எழும்பினால் குய்லனுக்குப் போன். அவள் ஒவ்வொரு முறையும் 'சரி' என்பாள். அந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரம் ஓட்டுவான். ராத்திரி லாரிகள் பாலத்தைக் குலுக்கும்போது, இரண்டு வீட்டில் ஒன்றை வாடகைக்கு விட்டு இன்னொன்றில் அவளோடு இருப்பதைப் பற்றி யோசிப்பான். சமையலறை இப்படி, கட்டில் இப்படி. அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டு ஒப்புதல் வாங்குகிற விஷயமாக அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஒருவழியாக வீடு கிடைத்தது. குலுக்கலில் அவனுக்கு ஆறாவது கட்டடம், அவளுக்கு இரண்டாவது கட்டடம். நடுவில் ஒரு சின்னப் பூங்கா, உடற்பயிற்சிக் கம்பிகள்.

ஊர்க்காரர்கள் மறுபடியும் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினார்கள். இந்த முறை கல்யாணம் செய்துகொள்ள. பாவ்ஷான் நாள் குறித்துக்கொண்டு குய்லனுக்குப் போன் போட்டான்.

"புதன்கிழமை காலைல வந்துரு. அடையாள அட்டை, பதிவுப் புத்தகம், போட்டோ. போட்டோக்குச் சிவப்பு பின்னணி வேணுமாம்."

"பாக்கிறேன்" என்றாள் அவள்.

அவனுக்கு அது 'வருகிறேன்' என்றே கேட்டது. இத்தனை வருஷமாக அவள் சொன்னதெல்லாம் அவனுக்கு அப்படித்தான் கேட்டிருந்தது.

புதன்கிழமை அவன் முடி வெட்டிக்கொண்டு, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போய் வரிசையில் நின்றான். முன்னால் தியேசூவும் மனைவியும். தியேசூ வரிசை முழுவதற்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அண்ணி எங்க?"

"வந்துக்கிட்டிருக்கா."

வரிசை நகர்ந்தது. பாவ்ஷான் பின்னால் நின்றவர்களை முன்னால் போகச் சொன்னான். அவர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களையும் போகச் சொன்னான். ஜோடிகள் வந்தார்கள், முத்திரை வாங்கிக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். குய்லனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் முத்திரைக்காரப் பெண் தானாகவே அவனைக் கூப்பிட்டாள்.

"பெரியவரே, கூட வர்றவங்க எங்க?"

"வருவாங்க."

"ஒத்த ஆளுக்குக் கல்யாணம் பண்ணி வெக்க முடியாது" என்றாள் அவள், நல்ல மனதோடுதான்.

காலையிலேயே முத்திரை வாங்கிவிட்டு மிட்டாயோடு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த தியேசூ சிரிப்பை அடக்க முயன்று தோற்றான். "என்னண்ணே, அண்ணி ஒன் மேடையப் பிரிச்சிட்டாளே" என்றான். நாலு பேர் நடுவில் ஒருத்தன் காலை வாரிவிடுவதற்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அங்கேயும் அதே எழுத்துத்தான். பிறகு பாவ்ஷான் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த மிட்டாயை எல்லாம் அவன் கோட்டுப் பையில் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

அலுவலகம் பூட்டும்வரை நின்றுவிட்டு, பாவ்ஷான் நேராக இரண்டாவது கட்டடத்துக்குப் போனான். மறக்காமல் கதவைத் தட்டினான்.

குய்லன் திறந்தாள். உள்ளே தரைக்கு வெள்ளை ஓடு பதித்திருந்தது. ஜன்னலுக்கு அவளே தைத்த திரை. மேஜை மேல் ஒரு கிண்ணம், ஒரு ஜோடிக் குச்சி.

"நாள் பூரா நின்னேன்."

"தெரியும். தியேசூ வீட்டுக்காரி சொன்னா."

"மறந்துட்டியா?"

"இல்ல."

அவன் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அவளும் உள்ளே வரச் சொல்லவில்லை.

"வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான். இந்தக் கேள்வியை வரும் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்திருந்தான். யாராவது இருந்தால் நன்றாக இருக்கும். ஓர் ஆள், ஒரு பெயர், போய்ச் சட்டையைப் பிடிக்க ஒரு கழுத்து.

"யாரும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதுதான். யாரும் இல்ல. காலைல கண்ண முழிக்கிறேன், யாரும் இல்ல. நான் வெச்ச கத்திரி வெச்ச எடத்துல இருக்கு. சாயங்காலம் வந்து பாத்தாலும் அங்கேயே இருக்கு." சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு. திருத்திக்கிறேன்."

"அன்னிக்குத் தெருவுல சொன்னேனே."

"அது நடிப்பு யுவே அம்மா."

"நீங்க நடிச்சீங்க."

பாவ்ஷான் வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், அவன் ஏதாவது சொல்லக்கூடும் என்று நம்பியவள் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

"ரெண்டு வீட்டுக்காகத்தானே இதெல்லாம்" என்றான் அவன்.

"ஆமா. கிடைச்சிருச்சுல்ல. நீங்க நினைச்சதுதான் நடந்திருக்கு" என்றாள் குய்லன். பிறகு, "இனிமே வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

புது வீட்டை எங்களுக்குச் சிமென்ட்டாகத்தான் தருவார்கள். ஓடு, குழாய், விளக்கு எல்லாம் அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறாவது கட்டடத்தில் எல்லா மாடியிலும் துளைக்கிற மிஷின் சத்தம். மறுபடியும் ஜோடியானவர்கள் சண்டை போட்டுக்கொண்டே அலமாரி மாட்டினார்கள். பாவ்ஷான் வீடு மட்டும் தந்தபடியே கிடக்கிறது. சாம்பல் சுவர், கூரையிலிருந்து தொங்குகிற ஒயர், ஒரு மடக்குக் கட்டில். சமையலறை எப்படி வேண்டும் என்று கேட்டு வந்த ஆட்களிடம், வீட்டுக்காரி வந்து சொல்லுவா என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவர்களும் ஒரு முறை, இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

மாலை நேரங்களில் பூங்காவில் உட்கார்ந்திருப்பான். இரண்டாவது கட்டடத்தில் எந்த ஜன்னல் அவளுடையது என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதற்கு ரொம்பக் கஷ்டப்படுவான். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

"என்ன பாவ்ஷான் அண்ணே, விருந்து எப்போ?"

"பஞ்சாங்கத்துல நல்ல நாள் பாத்துக்கிட்டிருக்கா. அவ எல்லாத்தையும் நிதானமாத்தான் செய்வா."

ஒரு பஞ்சாங்கம் தீர்ந்து அடுத்த பஞ்சாங்கம் வந்தது. கேட்பவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். பாவ்ஷான் நிறுத்தவில்லை. கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு பாதையில் போகிற யாரையாவது, பேர்கூடத் தெரியாத புதுக் குடித்தனக்காரனை நிறுத்தி, நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்கிறான். அவர்கள் எதற்கு என்று கேட்பதில்லை. தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் வேகமாக நடக்கிறார்கள்.